இருநூற்றுப் பதினான்காம் வட்டம், மூன்றாம் நம்பர் வீடு

வேப்பங்குறிச்சி நகரியத்தில் இடங்கள் நகர்வது ஒன்றும் புதிதில்லை. நிலத்துக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது, அதைத் தோண்டுகிற சுரங்கம் ஊரைப் பார்த்து மெல்ல மெல்ல வந்துகொண்டே இருக்கிறது, ஆகவே பத்து வருஷத்துக்கு ஒருதரம் ஒரு வட்டத்தைக் காலி செய்து, அதிலிருக்கிற குவார்ட்டர்ஸ்களை, பால் பூத்தை, பள்ளிக்கூடத்தை, அரசமரத்துப் பிள்ளையாரை எல்லாம் இன்னொரு பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு, புது நம்பர் எழுதிய பலகையை நட்டுவிடுவார்கள். சனங்களும் பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டிக்கொண்டு, மறக்காமல் ஒரு முருங்கைக் கொம்பையும் வெட்டி எடுத்துக்கொண்டு போய், போன இடத்தில் ஊன்றிவிடுவார்கள். அதனால்தான் அந்தச் சித்திரை மாதத்து சனிக்கிழமை, பத்து வட்டத்துச் சனங்களும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறோம் என்று நடந்து, கடைசியில் ஒரு முந்திரிக்காட்டில் போய் நின்றபோது, யாரும் வாயைப் பிளக்கவில்லை. "சொல்லாம கொள்ளாம மாத்திப்புட்டானுங்க பாரு" என்று திட்டினார்கள், அவ்வளவுதான்.

அந்தத் திட்டெல்லாம் போய்ச் சேர வேண்டிய ஆள் இளஞ்சியம்.

இளஞ்சியம் நகர நிர்வாக அலுவலகத்தில் ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பதினாலாம் வட்டத்தில் பிறந்து, எட்டாம் வட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, பதினோராம் வட்டத்தில் வேலை பார்த்தாள். அந்த அலுவலகக் கம்ப்யூட்டரில் வட்டத்துக்கொரு அறை, அறைக்குள் வீட்டுக்கொரு அறை. நகரியத்துச் சனங்களின் ஆஸ்பத்திரிச் சீட்டு, தண்ணீர் இணைப்பு, ரேஷன், பள்ளிக்கூட வண்டி எதை எடுத்தாலும் அதில் ஆளுக்கொரு சுட்டி மட்டும்தான் இருக்கும். சுட்டி என்றால் பெரிய விஷயமில்லை, "இன்னாரைத் தேடுகிறாயா, இந்த வட்டம், இந்த வீடு, அங்கே போய்ப் பார்" என்று கை காட்டுகிற ஒற்றை வரி. வட்டம் இடம் மாறினால் ஆயிரக்கணக்கான சுட்டிகள் பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். முன்பெல்லாம் மூன்று பேர் உட்கார்ந்து இரண்டு மாசம் ஒவ்வொன்றாகத் திருப்பினார்கள். இளஞ்சியம் ஒரு கோடை விடுமுறையில் தானே உட்கார்ந்து ஒரு கருவி எழுதினாள். கறுப்புத் திரையில் பழைய இடம், புது இடம் என்று ஒரே வரி அடித்து ஒரு தட்டுத் தட்டினால் எல்லாச் சுட்டிகளும் ஒரு மூச்சில் திரும்பும். அதற்குத் திருப்பி என்று பேர் வைத்தாள். ஒத்திகை என்றொரு வசதியும் வைத்திருந்தாள். ஒத்திகை பார் என்று சொன்னால் திருப்பி எதையும் தொடாமல், இன்னின்னதை மாற்றப் போகிறேன் என்று பட்டியலை மட்டும் காட்டும்.

முதலாம் வட்டம் சுரங்கத்துக்குப் போய், அதன் சனங்கள் புதிதாகக் கட்டிய இருபத்தொன்றாம் வட்டத்துக்கு மாறிய அன்று, அதிகாரி பாலகுருநாதன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"ஒத்திகை ஒண்ணு பாத்துடறேன் சார்."

"ஒத்திகை என்னம்மா ஒத்திகை, நாடகமா போடறோம்? பன்னெண்டு மணிக்குள்ள தலைமை ஆபீசுக்குச் சொல்லணும். தட்டு."

தட்டினாள். வட்டம்1 என்று எங்கே கண்டாலும் வட்டம்21 ஆக்கு என்பதுதான் அவள் சொன்னது. திருப்பி சொன்னதைச் செய்தது. வட்டம்14இலும் வட்டம்1 இருக்கிறதே, வாலில் ஒரு நாலு கூடுதல், அவ்வளவுதானே. அந்த நாலை அப்படியே விட்டுவிட்டு முன்னால் இருந்ததை மாற்றியது, பதினாலு இருநூற்றுப் பதினாலானது. பத்து இருநூற்றுப் பத்தானது, பதினொன்று இருநூற்றுப் பதினொன்றானது, அப்படியே பத்தொன்பது வரைக்கும். நகரியத்தில் இருப்பதே மொத்தம் முப்பது வட்டம்தான்.

இதைக் கம்ப்யூட்டருக்குள்ளே நடந்த பிசகு என்று விட்டிருக்கலாம். ஆனால் உள்ளே சுட்டி திரும்பிய அதே நேரத்தில் வெளியே சனங்களின் காலும் திரும்பிவிட்டது. பதினாலாம் வட்டத்துக்குப் போகிறேன் என்று கிளம்பியவரெல்லாம் முப்பதாம் வட்டத்தைத் தாண்டி, சுரங்கத்துத் தண்ணீர் இறைத்துவிடுகிற கால்வாயைத் தாண்டி, செம்மண் காட்டில் முந்திரி மரங்களுக்கு நடுவே போய் நின்றார்கள். அதிலும் ஒழுங்காக, தெருத் தெருவாக, வீட்டு நம்பர் வரிசையில், அவரவர் கதவு இருக்க வேண்டிய இடத்தில் நின்றார்கள். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களும் உண்டு.

முதல் நாள் பெரும்பாடு. இரண்டாம் நாள் பதினாறாம் வட்டத்து டம்பர் ஓட்டுநர் ஒருவர்தான் வழி கண்டுபிடித்தார். வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்தால் முந்திரிக்காடு, ஒன்பதாம் வட்டத்து முருகன் கோயிலுக்குப் போகிறேன் என்று நினைத்து நடந்தால் கோயிலுக்குப் போகிற வழியில் வீடு, சட்டென்று உள்ளே நுழைந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒப்புக்கு நினைத்தால் பலிக்கவில்லை, காலுக்கு அது தெரிந்துவிட்டது. கையில் ஒரு தேங்காயாவது, கால் ரூபா கற்பூரமாவது இருக்க வேண்டும், பாதி நாளாவது கோயில் வரைக்கும் போய்விட்டு வரவும் வேண்டும். பிறந்ததிலிருந்து கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத யூனியன்காரர்கள் எல்லாம் ஷிப்ட் முடிந்ததும் தேங்காயும் கையுமாக நடந்தார்கள். பதினெட்டாம் வட்டத்து சாதிக் பாய் இருபத்திரண்டாம் வட்டத்து நூலகத்துக்குப் போகிறேன் என்று நடந்து வீடு போய்ச் சேர்ந்தார், அந்த ஒன்பது நாளில் நாலு தடிப் புத்தகத்தையும் படித்து முடித்தார். பதினோராம் வட்டத்து அலுவலகத்துக்கு இளஞ்சியம் சுரங்கத்துக் கேண்டீனுக்குப் போகிறேன் என்றுதான் போனாள், அதனால் தினமும் ஒரு வடை தின்ன வேண்டியிருந்தது.

நாய்களுக்கு இந்தத் தந்திரம் தெரியவில்லை. பத்து வட்டத்து நாய்களும் முந்திரிக்காட்டுக்குப் போய், தத்தம் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டன. காக்காய்களும் அங்கேயே போயின. தபாலும் அங்கேதான் போனது, தபால்காரர் செம்மண்ணில் கல்லை வைத்து அதன் அடியில் கடிதாசுகளைச் செருகிவிட்டு வந்தார். நாய்க்குச் சோறு, காக்காய்க்குச் சோறு, கடிதாசு பார்க்க என்று சாயங்காலமானால் அங்கே கூட்டம் கூட, டீக்கடை வந்தது, சுண்டல் வந்தது, நாலாம் நாள் ஒருவர் பலூன் கொண்டுவந்தார். இருநூற்றுப் பன்னிரண்டாம் வட்டம், இருநூற்றுப் பதினேழாம் வட்டம் என்று சனங்கள் வாய் கூசாமல் சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

"இதைத் திருப்பிப் போட எவ்ளோ நேரம் ஆவும்?" என்று பாலகுருநாதன் முதல் நாளே கேட்டார்.

"பத்து நிமிஷம் சார். ஆனா தலைமை ஆபீஸ்லேர்ந்து எழுத்துல அனுமதி வேணும்னு நீங்கதான சொல்றீங்க."

அனுமதிக் கடிதம் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டது. பதினோராம் வட்டத்து அலுவலகத்துக்கு என்று விலாசம் எழுதியிருந்ததால், அது முந்திரிக்காட்டில் ஒரு கல்லுக்கு அடியில் ஆறு நாள் கிடந்தது. வருகிற திங்கட்கிழமை தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள், அதற்குள் ஒரு சுட்டி கூடத் தப்பாக இருக்கக் கூடாது, இருந்தால் ஒப்பந்தம் நீட்டிப்பு இல்லை என்ற சேதி மட்டும் போனில் சரியாக வந்து சேர்ந்தது.

ஐந்தாம் நாள் காலையில் இளஞ்சியத்தின் எட்டாம் வட்டத்து வீட்டுக்கு அஞ்சலாட்சி வந்தாள். பதினாலாம் வட்டத்தில் மூன்றாம் நம்பர் அஞ்சலாட்சி வீடு, நாலாம் நம்பர் இளஞ்சியத்தின் தாய்வீடு. அஞ்சலாட்சி வெளியே வந்து பார்த்து வருஷக் கணக்காகிறது. இளஞ்சியத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வாங்க பெரிம்மா, உக்காருங்க."

"உக்கார வரல. நீதான் ஏதோ தட்டிப்புட்டியாமே? பதினாலுன்னு தேடி வந்தா இனிமே எம் வீட்டுக்கு வர முடியாதாமே?"

"அது தெரியாம நடந்துடுச்சு பெரிம்மா."

"எம் புள்ள வந்தா எங்கடி போவான்?"

 அந்தப் பிள்ளையின் கதை இளஞ்சியத்துக்குத் தெரியும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணால் பார்த்தவள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், சுரங்கத்துப் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான் என்று தனவேலின் பையைத் தூக்கித் தெருவில் எறிந்தார் அவன் அப்பா கலியமூர்த்தி. "இனிமே இந்த வாசப்படிய மிதிச்ச, நான் மனுசன் இல்ல" என்றார். "செத்தாலும் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு தனவேல் திருப்பூர் போனான். ஐந்து வருஷம் கழித்துக் கலியமூர்த்தி செத்தபோது வந்தான். எல்லாச் சடங்கும் தெருவில் நின்றே செய்தான், கொள்ளி வைத்தான், வாசல்படி வரைக்கும் வந்து, அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே பஸ் ஏறிப் போனான். அன்றைக்கு அஞ்சலாட்சி தெருவே கேட்கச் சொன்னாள்: "உள்ள வராம போறியா? போடா. நீ வர்ற வரைக்கும் நானும் இந்த வீட்ட விட்டு எங்கயும் வரமாட்டேன்." அப்பா, அம்மா, பிள்ளை மூன்று பேரும் ஒரே அச்சு. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான், மழையைப் பற்றியும் சர்க்கரை வியாதி மாத்திரையைப் பற்றியும் பேசுவான், "வாடா" என்றதும் பேச்சு நின்றுவிடும். பொங்கலுக்குப் பொங்கல் பஸ் நிலையம் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அஞ்சலாட்சி ஆறு வருஷமாகக் கதவைத் தாழ் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சுட்டியில தப்பில்ல பெரிம்மா" என்றாள் இளஞ்சியம், என்ன சொல்வதென்று தெரியாமல் தொழில் பேச்சையே பேசி. "அது ஒரு எடத்தக் காட்டுது. அந்த எடத்துல ஒண்ணும் இல்ல, அதான் சிக்கல். அங்க எதையாவது கொண்டுபோயி வச்சுட்டா, அது பாட்டுக்கு வேல செய்யும். அதுக்கு அதான் வீடு."

"என்னத்த வைக்கணும்?"

"எது வச்சாலும் போதும்."

 அஞ்சலாட்சி காப்பி கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே இருநூற்றுப் பதினாலாம் வட்டம் மூன்றாம் நம்பரில் ஒரு இரும்பு நாற்காலி வந்தது. மறுநாள் நாலு சவுக்குக் கம்பு, மேலே கீற்று, கயிற்றுக் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, கலியமூர்த்தியின் படம், ஒரு முருங்கைக் கொம்பு. டம்பர் ஓட்டுநர் வந்து கம்பு ஊன்றிக் கொடுத்தார், சாதிக் பாய் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடம் வந்தது. "வாக்கு குடுத்தியே, வீட்ட விட்டு வரமாட்டேன்னு?" என்று வாய் சும்மா இராத ஒருத்தி கேட்டாள். "நான் எங்கடி வந்தேன்? வீடுல்ல வந்துச்சு" என்றாள் அஞ்சலாட்சி. தாய்வீட்டு நாயும் காக்காயும் பக்கத்திலேயே நாலாம் நம்பரில் இருந்ததால், இளஞ்சியம் தினமும் சாயங்காலம் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. எல்லாம் வைத்த அஞ்சலாட்சி, வாசலுக்கு ஒரு கல் கூட வைக்கவில்லை. செம்மண் தெருவும் செம்மண் வீடும் ஒரே மட்டமாக, எது எங்கே முடிகிறதென்று தெரியாமல் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை தனவேலின் போன் வந்தது. இளஞ்சியம் அப்போது அங்கேதான் இருந்தாள்.

"எங்கம்மா இருக்க? ஒரே காக்கா சத்தமா இருக்கு" என்றான்.

"வீட்டுலதான்டா இருக்கேன். வீடு மாறிப்போச்சு."

 காக்காய் கத்தியது.

"அந்த வாசப்படி?"

"அது அங்கதான் கெடக்கு, பதினாலாம் வட்டத்துல. அத எதுக்கு நான் தூக்கியாரப் போறேன்?"

போன் நின்றுவிட்டது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அஞ்சலாட்சி போனை மடியில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. தலைமை அலுவலகத்து ஆட்கள் மதியம் வருவார்கள். கல்லுக்கு அடியில் கிடந்த அனுமதிக் கடிதத்தை யாரோ நாய்க்குச் சோறு வைக்கப் போனவர் காலையில் கொண்டுவந்து கொடுத்தார். இளஞ்சியம் வடையைத் தின்றுவிட்டு உட்கார்ந்து, இந்தத் தடவை இருநூற்றுப் பத்திலிருந்து இருநூற்றுப் பத்தொன்பது வரை உள்ளதை மட்டும் பழையபடி ஆக்கு, இருபத்தொன்றைத் தொடாதே என்று சுத்தமாக எழுதினாள். எழுதிவிட்டு, பாலகுருநாதன் பின்னால் நின்றாலும் சரி, தலையே போனாலும் சரி என்று, ஒத்திகை பார் என்று அடித்தாள்.

மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு சுட்டிகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாக எப்போது பிடித்துப் போனார்கள் என்ற நேரமும் இருந்தது. இளஞ்சியம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தனவேல், தகப்பனார் பெயர் கலியமூர்த்தி, இருநூற்றுப் பதினாலு, மூன்று. ஆறு வருஷமாக யாரும் தொடாத சுட்டி அது. இன்றைக்குக் காலை ஒன்பது முப்பத்தெட்டுக்கு யாரோ தொட்டிருந்தார்கள். திரும்ப ஒருதரம் பட்டியல் கேட்டாள். ஒன்பது நாற்பது என்றது. இன்னொருதரம் கேட்டாள். ஒன்பது நாற்பத்தொன்று.

அவன் பஸ்ஸில் இருக்கிறான். இப்போது இதைத் திருப்பினால், பஸ் நிலையத்தில் இறங்குகிற கால் நேரே பதினாலாம் வட்டத்துக்குப் போகும், அந்த வாசல்படிக்கு முன்னால் போய் நிற்கும். அதன் பிறகு அந்தக் கால் என்ன செய்யும் என்று இளஞ்சியத்துக்கு நன்றாகத் தெரியும்.  ஒப்பந்தம், நீட்டிப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் ஒருதரம் கண் முன்னால் வந்து போயின. தனவேல், அஞ்சலாட்சி என்ற இரண்டு பெயரையும் நீக்கிவிட்டு மற்றதைத் திருப்பு என்று அடித்துத் தட்டினாள்.

"முடிஞ்சுதா?" என்றார் பாலகுருநாதன்.

"முடிஞ்சுது சார். ரெண்டு மட்டும் திருப்பல."

"ஏன், மாட்டேங்குதா?"

"நான்தான் திருப்பல."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். கலியமூர்த்தி என்ற பெயரைப் பார்த்தார். அந்தச் சாவுக்கு வந்து, தெருவில் பந்தலுக்கு அடியில் நின்றவர்களில் அவரும் ஒருவர், அந்தப் பையன் வாசல்படியைப் பார்த்த பார்வையையும் பார்த்தவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றித் துடைத்தார்.

"அறிக்கையில மீதம் ரெண்டுன்னு காட்டு" என்றார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல 'ஆய்வில் உள்ளது'ன்னு போட்டுடு. அப்படிப் போட்டத எவனும் எந்தக் காலத்துலயும் திருப்பிப் பாக்க மாட்டான்." சொல்லிவிட்டு, மேசைக்கு அடியில் அன்றைக்கென்று வாங்கி வைத்திருந்த தேங்காயை எடுத்துப் பார்த்தார். "இனிமே இது வேண்டியதில்ல, என்ன?" என்றார், கொஞ்சம் வருத்தமாக.

இளஞ்சியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். முப்பதாம் வட்டம் தாண்டியதும் எதிரே நாய்கள் வந்தன. பத்து வட்டத்து நாய்களும் ஒரே நேரத்தில் எழுந்து, உடம்பை உதறிவிட்டு, குரைக்காமல் வரிசையாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. மேலே காக்காய்கள். டீக்கடைக்காரர் பாய்லரைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். முந்திரிக்காட்டில் ஒருவரும் மிச்சமில்லை. தெருத் தெருவாகக் கால் பட்டுத் தேய்ந்த செம்மண்ணும், கடிதாசு வைத்த கற்களும், நடுவில் ஒரே ஒரு கீற்றுக் கொட்டகையும்தான் இருந்தன.

அஞ்சலாட்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் சோறு கொதித்தது.

"எல்லாம் போயிடுச்சே, என்னயும் திருப்பிப்புட்டியா?"

"இல்ல பெரிம்மா. உங்கள மட்டும் விட்டுட்டேன்."

 இளஞ்சியம் முந்திரி மரத்தடியில் போய் நின்றுகொண்டாள். வெயில் உச்சிக்கு வந்து இறங்கியது. சோறு வடித்தாயிற்று, குழம்பு கொதித்து அணைத்தாயிற்று. கால்வாய்ப் பக்கமிருந்து ஒரு ஆள் வந்தான், தோளில் பை, முன்னந்தலையில் முடி கொட்டியிருந்தது. சந்தேகமே இல்லாமல் நடந்து வந்தவன், கொட்டகைக்குப் பத்துப் பன்னிரண்டு அடி முன்னால் சட்டென்று நின்றுவிட்டான். குனிந்து தரையைத் தேடினான். இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். அவன் எதைத் தேடுகிறான் என்று இளஞ்சியத்துக்குப் புரிந்தது, அழுகை வந்துவிட்டது.

"என்னடா பாக்குற?" என்றாள் அஞ்சலாட்சி, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல்.

"எங்கம்மா ஆரம்பிக்குது வீடு?"

"எனக்கென்னடா தெரியும். நான் ஒண்ணும் வைக்கல. சோறு ஆறுது."

தனவேல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இரண்டு அடி பின்னால் போனான். அங்கே, வெறும் செம்மண்ணில், தன் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தான். வைத்துவிட்டு, வெறுங்காலோடு, சுடுகிற மண்ணில், அம்மாவிடம் நடந்து போனான்.